தலைவர் (பொறுப்பு)

ஜன்னல் ஓரம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு ஆகாது, காத்தடிச்சா தொண்டை கட்டிக்கும். இந்தப் பையை மட்டும் நடுவுல வச்சுக்கிறேன், சாயாம பாத்துக்கணும். உள்ள பிளாஸ்க் இருக்கு. கேப்பைக் கஞ்சி. கொட்டுச்சுன்னா உங்க பேண்ட்டும் போச்சு, நான் போற காரியமும் போச்சு.

மதுரைதானே? நானும் மதுரைதான். ஆரப்பாளையத்துல எறங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்துருவேன். தினமும் இதே பஸ்தான். கண்டக்டர் எங்கன்னு கேக்கிறதே இல்லை, என்னைப் பார்த்ததும் டிக்கெட்டைக் கிழிச்சு நீட்டிருவார்.

யாருக்கு உடம்பு சரியில்லைன்னுதானே கேக்க வர்றீங்க? சொந்தக்காரர் இல்லை. தேனியில எங்க குறிஞ்சி நகர் நலச் சங்கத் தலைவர். சௌந்திரபாண்டியன்னு பேரு. பி.டி. வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவர். நான் தவசிலிங்கம், செயலாளர். பாசத்துல போறேன்னு மட்டும் நினைச்சுராதீங்க. நான் எதையும் மூடி மறைச்சுப் பேசுற ஆள் இல்லை. மனுஷன் எதைச் செஞ்சாலும் உள்ளுக்குள்ள ஒரு கணக்கு ஓடும். என் கணக்கையும் சொல்லிர்றேன். அவருக்கு அப்புறம் தலைவர் நான்தான்னு முடிவாயிருச்சு. அப்படிப்பட்ட ஆள் தினம் போய்ப் பாக்கலைன்னா நாளைக்கு நாலு பேரு நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசுவான். அதுக்குத்தான் இந்த அலைச்சல்.

சிரிக்கிறீங்க. நான் சர்க்கரை ஆலையில டைம்கீப்பரா இருந்தவன் சார். கேட்டுல உக்காந்து எவன் எப்ப வர்றான், எவன் எப்ப போறான்னு குறிச்சுக் குறிச்சே தலை நரைச்சுப் போனவன். ஒருத்தன் லீவு கேப்பான், பாட்டி செத்துட்டாம்பான். போன தீபாவளிக்குச் செத்த அதே பாட்டி. 'ஏண்டா, உன் பாட்டி எத்தனை தடவைடா சாவா'ன்னு கேட்டா, 'இது அம்மா வழிப் பாட்டி சார்'ம்பான். அதுக்கடுத்த தடவை அப்பா வழி. அதுக்கப்புறம் பாட்டியோட தங்கச்சி. நான் கையெழுத்துப் போட்டு அடக்கம் பண்ணின ஆட்களை வச்சு ஒரு நகரே கட்டலாம். மனுஷ ஜாதியைப் பத்தி எனக்கு யாரும் புதுசா வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

இந்த இரங்கல் கூட்டத்தையே எடுத்துக்குங்க. ரெண்டு நிமிஷம் மௌன அஞ்சலின்னு மைக்குல சொல்லுவாங்க. எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க. பழக்கதோஷம், நான் வாட்சைப் பாப்பேன். அரை நிமிஷம் ஆகிறதுக்குள்ள ஒருத்தன் செருமுவான், ஒருத்தன் வேட்டியைச் சரி பண்ணுவான், ஒருத்தன் செல்போனு அடிக்கும். உடனே 'நன்றி, அமரலாம்'னு முடிச்சிருவாங்க. செத்தவனுக்கு முழுசா ரெண்டு நிமிஷம் ஒதுக்க மாட்டேங்கிற உலகம் சார் இது. அந்த 'நன்றி, அமரலாம்' பெரும்பாலும் நான்தான் சொல்றது. கூட்டம் நெளியுதுல்ல, என்ன செய்ய.

சங்கத்தைப் பத்திச் சொல்லணும்ல. நல்ல சங்கம். தண்ணி வரலைன்னா மனுக் குடுப்போம், வந்துச்சுன்னா நன்றி மனுக் குடுப்போம். தெருவிளக்கு எரியலைன்னு ஒரு மனு அஞ்சாறு வருஷமா ஓடிக்கிட்டிருக்கு, அதுக்கு ஆண்டு விழா வைக்காத குறைதான். தேர்தல் வைக்கணும்னு விதி இருக்கு. வருஷா வருஷம் கூடுவோம், 'ஏகமனதா அவரே தொடரட்டும்'னு ராஜாமணி சொல்லுவான். ராஜாமணி எங்க பொருளாளர். எல்லாரும் கை தட்டிட்டுக் கேசரி சாப்பிடுவோம். கேசரி ஆறுறதுக்குள்ள தேர்தல் முடிஞ்சிரும்.

வருஷா வருஷம் அந்தக் கைதட்டலுக்கு நடுவுல நானும் உக்காந்திருப்பேன். எல்லா வேலையும் நான் பாக்கிறது. மனு எழுதுறது நான், மைக் செட்டுக்கு அலையிறது நான். அவர் வேலை கழுத்துல கறுப்புக் கயித்துல ஒரு விசிலைத் தொங்க விட்டுக்கிட்டு வந்து உக்கார்றது. ஆமா சார், ரிட்டையர் ஆகியும் அந்த விசிலைக் கழட்டலை. எவனாவது அதிகமா பேசினா ஊதுவார். வாயை மூடிரணும். வாய் விட்டுச் சொல்றேன், எனக்கு ஒரு தடவையாவது அந்த நடு நாற்காலியில உக்காந்துரணும்னு ஆசை. பொம்பளைக்கு நகை மேல ஆசை இருக்கும்பாங்க. என் சம்சாரம் செண்பகத்துக்கு அது கூடக் கிடையாது. எனக்கு இது இருந்துச்சு.

ஆண்டிபட்டி வந்துருச்சா? இருங்க, போன் அடிக்குது. ராஜாமணிதான். எடுக்கப் போறதில்லை. எதுக்குக் கூப்பிடுறான்னு தெரியும். விஷயத்தைச் சொன்னா உங்களுக்கும் தெரிஞ்சிரும்.

போன வருஷம் தை மாசம். தலைவருக்கு நெஞ்சுல சளி கட்டி, மூச்சு வாங்கி, மதுரையில சேர்த்திருந்தாங்க. சங்கத்துல எல்லாரும் ஒரு வேன் பிடிச்சுப் போய்ப் பார்த்துட்டு வந்தோம். ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போறவனைக் கவனிச்சிருக்கீங்களா? படுத்திருக்கிறவன் முகத்தை ஒரு தடவை பாப்பான். அப்புறம் மேல ஃபேனைப் பாப்பான், ஏ.சி.யைப் பாப்பான், 'ரூமுக்கு எவ்வளவு'ம்பான். ஹார்லிக்ஸ் பாட்டிலை வச்சுட்டு, அதே பாட்டில் போன மாசம் அவன் வீட்டுக்கு வந்ததா இருக்கும், 'தைரியமா இருங்க'ன்னு சொல்லிட்டுக் கேன்டீன்ல போய் வடை சாப்பிடுவான். நாங்களும் சாப்பிட்டோம். வடை நல்லா இருந்துச்சு.

ஒரு நாள் சாயங்காலம் டாக்டர் கையை விரிச்சிட்டார். 'இனி வீட்டுக்குக் கொண்டு போயிருங்க, ராத்திரி தாண்டுறதே கஷ்டம்'னு சொல்லிட்டாராம். தலைவருக்கு ஒரே மகன், இளவழகன். கெட்டிக்காரன், காரியக்காரன். அவன் என்ன யோசிச்சான்னா, மறுநாளைக்கு மறுநாள் பெரிய முகூர்த்தம். தேனி முழுக்கக் கல்யாணம். அப்ப சாமியானாவுக்கும் நாற்காலிக்கும் எங்க போறது? எப்படியும் தேவைப்படப் போகுதுன்னு அங்கருந்தே போன்ல சொல்லி வச்சுட்டான். நான் அவனைத் தப்புச் சொல்ல மாட்டேன். சாவுக்கு நாள் தெரியாது, சாமியானாக்காரனுக்கு நாள் தெரியும்.

காலையில பால் வாங்கப் போறேன், தலைவர் வீட்டு வாசல்ல மினி லாரி நிக்குது. பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கடுக்கா எறங்குது. குழி தோண்டிக் கம்பு நடுறாங்க. கல்யாண வீட்டுல எறங்கினா வாழை மரம் இருக்கும். இங்க அது இல்லை. அப்ப என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க.

கேட்டிருக்கலாமேங்கிறீங்க. யாரை சார் கேக்கிறது? இளவழகனுக்குப் போன் போட்டு 'உங்கப்பா போயிட்டாரா'ன்னு கேக்க முடியுமா? நாகரிகம்னு ஒண்ணு இருக்குல்ல. இருந்தாலும் பொறுப்பான ஆளுங்கிறதால நான் நேரா அவர் வீட்டுக் கேட்டு வரைக்கும் போனேன். மருமகப் பொண்ணு வெளிய வந்துச்சு. என்னைப் பார்த்ததும் முந்தானையை வாயில வச்சுக்கிட்டு ஓன்னு அழுதுருச்சு. நான் தலையை ஆட்டினேன். அதுவும் தலையை ஆட்டுச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

உடனே வேலையில எறங்கினேன். ஏன் அவசரம்னா, எங்க நகருக்குப் பக்கத்துல குறிஞ்சி நகர் விரிவாக்கம்னு ஒண்ணு இருக்கு. அதுக்குத் தனிச் சங்கம். முன்னாடி ஒரே சங்கமாத்தான் இருந்துச்சு, போர்வெல் தகராறுல பிரிஞ்சு போனாங்க. அதுக்குத் தலைவர் சீனிராஜ்னு ஒரு ஆள். செத்த வீட்டுல முதல் பேனர் அவனுதாத்தான் இருக்கும். அவன் பேனரைப் பார்த்தா செத்தது யாருன்னே தெரியாது. வெள்ளைச் சட்டையில கை கூப்பிக்கிட்டு அவன் முழுசா நிப்பான், எறந்தவர் ஓரத்துல ஸ்டாம்பு மாதிரி ஒட்டிக்கிட்டு இருப்பார். அப்படி ஒரு ஆளு எங்க தலைவருக்கு எங்க தெருவிலேயே முந்திக்கலாமா? மானம் போயிராது?

பிளெக்ஸ் கடையில நான்தான் கூடவே இருந்து அடிச்சேன். நடுவுல தலைவர் படம். 'கண்ணீர் அஞ்சலி'. கீழே எங்க நிர்வாகிகள் வரிசையா. ராஜாமணி தன் படத்தைக் கொஞ்சம் பெருசாப் போடச் சொன்னான். நான் மாட்டேன்னுட்டேன். சாவுல கூட விளம்பரமா, மனுஷனுக்கு வெக்கம் வேணாமான்னு கேட்டேன். என் படம் அளவா, பதவிக்குத் தக்கபடி, தலைவருக்கு அடுத்த பெருசா இருந்துச்சு. அவ்வளவுதான்.

அப்பத்தான் கடைக்காரப் பையன் கேட்டான், 'உங்களுக்கு என்ன சார் போட, செயலாளரா'ன்னு. யோசிச்சேன். தலைவர் இல்லை. நாற்காலி காலி. அரசாங்கத்துல ஒரு ஆபீசர் போனா மறு நிமிஷம் இன்னொருத்தர் பொறுப்பு எடுத்துக்கிறதில்லையா? அது பதவி ஆசை இல்லை, முறை. 'தலைவர், அடைப்புக்குறிக்குள்ள பொறுப்புன்னு போடுப்பா'ன்னேன். கம்ப்யூட்டர்ல அந்த எழுத்து வந்து என் படத்துக்குக் கீழ நின்னுச்சு பாருங்க... அழகா இருந்துச்சு சார். தலைவர் போயிட்டாரேன்னு ஒரு பக்கம் நெஞ்சை அடைக்குது, இந்தப் பக்கம் கண்ணு அந்த எழுத்தை விட்டு நகர மாட்டேங்குது. செண்பகம் பார்த்துட்டு, 'இந்தப் படத்துல செத்தவரு நீங்க மாதிரியில்ல இருக்கு'ன்னா. அவளுக்கு என்ன தெரியும்.

தெரு முக்குல பேனரைக் கட்டியாச்சு. சீனிராஜ் ஆளுங்க கம்போட வந்து நின்னு பார்த்துட்டு, இடம் இல்லாம சாக்கடைப் பக்கமாக் கட்டிட்டுப் போனாங்க. வாட்ஸ்அப் குரூப்புல காலை வணக்கம் ரோஜாப்பூவுக்குக் கீழேயே ஆழ்ந்த இரங்கல் வரிசை கட்டி வருது. ஒருத்தர் அவசரத்துல ரோஜாப்பூவையே திருப்பி அனுப்பிட்டார்.

இதோ, உசிலம்பட்டி. அந்தப் பக்கம் பாருங்க, பாய்லர் வச்ச டீக்கடை. பார்த்துட்டீங்களா? அந்தக் கடை வாசல்லதான் என் தலையெழுத்து மாறினது.

எப்படியோ ராத்திரியைத் தாண்டிட்டார். காலையில அவரை ஏத்திக்கிட்டு வந்த ஆம்புலன்ஸ் அங்க நின்னுருக்கு. டிரைவருக்கு டீ குடிக்கணும். பின் கதவைத் திறந்து விட்டிருக்காங்க. பாய்லர் புகையும் டீ வாசமும் உள்ள போயிருக்கு. படுத்திருந்தவர் கண்ணைத் திறந்து, 'எனக்கு ஒரு டீ சொல்லுடா இளவழகா, சர்க்கரை தூக்கலா'ன்னாராம்! இளவழகன் கையில இருந்த கிளாஸ் கீழ விழுந்து உடைஞ்சுருச்சாம். டீ குடிச்சார். அப்புறம் ஒரு உளுந்த வடை. அப்புறம் 'எதுக்குடா இப்படி அழுற'ன்னு மகனைத் திட்டினாராம். அந்தத் தெம்பு எங்கருந்து வந்துச்சுன்னு கடவுளுக்குத்தான் தெரியும். டாக்டருக்குத் தெரியலை.

நாற்காலியை நிறுத்தச் சொல்லி சாமியானாக்காரனுக்குப் போன் போட்டிருக்கான். அவன், 'எறக்கியாச்சு தம்பி, போட்டாலும் போடாட்டியும் ஒரு நாள் வாடகை உண்டு'ன்னுட்டான். சரி, கிடக்கட்டும்னு விட்டுட்டான் இவன். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லலை. சந்தோஷத்துல மனுஷனுக்குப் புத்தி வேலை செய்யாது.

உச்சி வேளை. தெருவே வாசல்ல நிக்குது. ஆளுக்கு ஒரு மாலை. ஆம்புலன்ஸ் வருது. சாமியானா குறுக்க நிக்கிறதால வண்டி தெரு முக்கைத் தாண்ட முடியலை. எங்க நின்னுச்சு தெரியுமா? சரியா எங்க பேனருக்கு அடியில. கதவைத் திறந்தாங்க. சாய்ஞ்ச மாதிரி உக்காந்திருக்கார், மூக்குல குழாய், கழுத்துல விசில். அண்ணாந்து பார்த்துக்கிட்டிருக்கார். படிக்கிறார் சார். மேல இருந்து ஒவ்வொரு வரியா.

ராஜாமணி மாலையை முதுகுக்குப் பின்னாடி ஒளிக்கிறான், அது என்ன ஒளியிற சைசா? சீனிராஜ் மட்டும் அசரலை. விறுவிறுன்னு போனான், அந்த மாலையையே அவர் கழுத்துல போட்டு, 'வாழும் வரலாறே, வருக'ன்னு கத்தினான். ஜனம் கை தட்டுது. அந்தத் திறமை எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது. ஒத்துக்கிறேன்.

தலைவர் என்னைத் தேடினார். கண்டுபிடிச்சார். 'தவசி, நீ டைம்கீப்பர்ல?'ன்னார். குரல் கீச்சுன்னு இருக்கு, ஆனா அந்த நக்கல் போகலை. 'ஆமா தலைவரே.' 'நான் எத்தனை மணிக்குப்பா ரிலீவ் ஆனேன்?'

பழக்கதோஷம், நான் வாட்சைப் பார்த்தேன் சார். சொல்லுங்க, நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?

அதோட விட்டாரா? அதுதான் இல்லை. ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சார். வெயில் தாழ இளவழகன் தோளைப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்து, சாமியானாவுக்கு நடுவுல நாற்காலி போடச் சொல்லி உக்காந்துக்கிட்டார். 'வாடகை குடுத்தாச்சுல்ல, எல்லாரும் உக்காருங்க. எனக்கு இரங்கல் கூட்டம் போட இருந்தீங்களாமே. நடத்துங்க. நான் தலைமை தாங்குறேன்'ங்கிறார். நாங்க சிரிச்சோம். அவர் சிரிக்கலை, விசிலை ஊதினார். உக்காந்தோம்.

முதல்ல ராஜாமணி. பாவம், அவனுக்கு வேற பேச்சு தயார் பண்ணத் தெரியாது. 'என் உடன்பிறவா அண்ணனை இழந்து நிற்கிறேன்'னு ஆரம்பிச்சுட்டான். எதிர்ல அண்ணன் உக்காந்து தலையை ஆட்டுறார். 'ஏப்பா, முருங்கைக் கிளை உன் காம்பவுண்டுல விழுதுன்னு என் மேல போலீசுக்கு மனுக் குடுத்தியே, அந்த அண்ணனா'ன்னார். சிரிப்பு அடங்க வெகு நேரமாச்சு. அடுத்து சீனிராஜ். 'ஈடு செய்ய முடியாத இழப்பு'ன்னான். 'அப்படின்னா போர்வெல்லைத் திருப்பிக் குடுத்து ஈடு செய்யலாமே'ன்னார். ஒவ்வொருத்தனா எந்திரிக்கிறான், புகழ்றான், இவர் ஒண்ணைக் கேக்கிறார், அவன் வழியிறான். பொம்பளைங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. எங்க நகர்ல அப்படி ஒரு கூட்டம் அதுக்கு முந்தியும் நடக்கலை, பிந்தியும் நடக்கலை.

கடைசியா என் முறை. உங்களுக்குத் தெரியாது, இரங்கல் பேச்சுன்னா அந்த வட்டாரத்துல நான்தான். முகம் தெரியாத ஆளுக்கே பேசி ஜனத்தை அழ வச்சிருக்கேன். 'காலம் ஒரு கனிமரத்தைச் சாய்த்துவிட்டது'ன்னு எடுத்தேன்னா முன் வரிசையில மூக்கு உறிஞ்சுற சத்தம் கேக்கும். அன்னைக்கும் காலையிலேயே ஒத்திகை பார்த்து வச்சிருந்தேன். மைக்கைப் பிடிச்சேன். எதிர்ல அவர் உக்காந்திருக்கார். கையில ஊசி குத்தின இடத்துல பிளாஸ்திரி. சட்டை தொளதொளன்னு தொங்குது, அவ்வளவு இளைச்சுட்டார். கண்ணு மட்டும் அதே கண்ணு, கேலி பண்ணத் தயாரா பார்த்துக்கிட்டிருக்கு.

ஒரு வார்த்தை வரலை சார்.

தொண்டை. இந்தத் தொண்டைதான். சாமியானா அடிச்ச புழுதி, காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கலை, வேற ஒண்ணுமில்லை. வாயைத் திறக்கிறேன், காத்துதான் வருது. கண்ணுல வேற புழுதி விழுந்து தண்ணியாக் கொட்டுது. ஜனமெல்லாம் சிரிக்கிறதை நிறுத்திருச்சு. நான் அப்படியே நிக்கிறேன்.

தலைவர் வாட்சைப் பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம் மெதுவாச் சொன்னார், 'சரியா ரெண்டு நிமிஷம். முழுசா மௌன அஞ்சலி செலுத்தினவன் இவன் ஒருத்தன்தான்யா.' எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. அதே மூச்சுல, 'எனக்கப்புறம் தவசிதான் தலைவர், எழுதிக்கோ ராஜாமணி'ன்னார். கை தட்டினாங்க. ஏகமனதா.

அதுதான் சார் எனக்கு அவர் மேல கோவம். ஊரைக் கூட்டி வச்சு என் தொண்டையைக் கேலி பண்ணிட்டார். பதவி குடுத்தாரே, அதாவது ஒழுங்காக் குடுத்தாரா? 'எனக்கப்புறம்'. அப்படின்னா என்ன அர்த்தம்? அவர் இருக்கிற வரைக்கும் எனக்குக் கிடையாது. எனக்குக் கிடைக்கணும்னா அவர் இருக்கக் கூடாது. ஒரு மனுஷனை இதை விடக் கொடுமையான எடத்துல யாராவது நிறுத்தி வைக்க முடியுமா?

அதுல இருந்து என் பேரே மாறிருச்சு. 'வாங்க பொறுப்பு'ம்பார். அவர் சொன்னாருன்னு தெரு முழுக்கப் பொறுப்பு. மளிகைக் கடையில பொறுப்பு, கோயில்ல பொறுப்பு. எங்க வீட்டுல செண்பகமே ஒரு நாள், 'பொறுப்பு, சாப்பிட வாங்க'ன்னுட்டா. அந்தப் பேனரை என்ன செஞ்சார் தெரியுமா? கழட்டிட்டுப் போய் அவரோட பழைய மொபெட்டுக்கு மூடி வச்சுக்கிட்டார். நல்ல பிளெக்ஸாம், வீணாக்கக் கூடாதாம். என் மூஞ்சி சரியா சீட்டு மேல. வாக்கிங் போறப்ப தினம் அதைப் பார்த்துக்கிட்டேதான் அவரைக் கூப்பிடணும். மழை பெஞ்சா என் நெத்தியில தண்ணி தேங்கும். அதை அவர் கையால வழிச்சு விட்டுட்டு, 'பொறுப்புக்கு ஜலதோஷம் பிடிச்சிராம'ம்பார்.

தினம் வாக்கிங் அவரோடதான். வேற யாரு வர்றா? ரிட்டையர் ஆன புதுசுல எனக்குப் பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு சார். காலையில எந்திரிச்சு வாசல்ல நின்னு, யாரு எப்ப வேலைக்குப் போறான்னு பார்த்துக்கிட்டிருப்பேன். ஒரு நாள் அவர்தான் என் வீட்டு முன்னாடி நின்னு விசிலை ஊதினார். 'என்னய்யா கேட்டுக் காவலா? சட்டையை மாட்டு, சங்கத்துக்கு ஆள் வேணும்'னு இழுத்துட்டுப் போனார். அதையும் உதவின்னு சொல்ல மாட்டேன். அவருக்கு மனு எழுத ஒரு ஆள் தேவை, பிடிச்சுக்கிட்டார். உலகத்துல எவனும் சும்மா விசில் ஊதுறதில்லை.

செக்கானூரணி தாண்டியாச்சு. மறுபடியும் ராஜாமணி. அடிச்சுக்கிட்டே இருக்கட்டும். காலையில ஒரு தடவை எடுத்தேன். 'நான் எதுவும் கேக்கலை, சும்மா கேக்கிறேன். சாமியானாக்காரன் முகூர்த்த சீசன்கிறான். பேனர்ல இந்தத் தடவை உங்களுக்கு அடைப்புக்குறி வேணாம்ல'ங்கிறான். எனக்கு வந்துச்சே கோவம். 'ஒரு எழுத்தைத் தொட்டா நடக்கிறதே வேற'ன்னு வச்சுட்டேன். மனுஷங்களுக்கு எவ்வளவு அவசரம் பாருங்க.

ஆமா, மறுபடியும் அதே சளி, அதே மூச்சு. இந்தத் தடவை வேன் எதுவும் போகலை. போன தடவை அசிங்கப்பட்டதால எல்லாருக்கும் பயம். போய்ப் பார்த்துட்டு வந்தா அவர் பிழைச்சுருவாரோன்னு பயமா, பிழைக்க மாட்டாரோன்னு பயமா, தெரியலை. நான் மட்டும்தான். இளவழகனுக்கு ஆபீஸ் போகணும், மருமகளுக்குப் பிள்ளைங்க பள்ளிக்கூடம். பகல்ல யாராவது இருக்கணும்ல. கஞ்சி செண்பகம் காய்ச்சுறா. ஆஸ்பத்திரிக் கஞ்சியை அவர் தொட மாட்டார், வெறும் தண்ணிம்பார். முந்தாநாள் நான்தான் முகம் வழிச்சு விட்டேன். அந்தத் தாடியோட எவனாவது செல்போனுல படம் எடுத்துட்டா நாளைக்குப் பேனருக்கு அதையே போட்டுருவானுங்க. அதுக்காகத்தான்.

நேத்து பேச்சு இல்லை. ரெண்டு ஸ்பூன் எறங்குச்சு. நான் கிளம்புறப்ப கழுத்துல கையை வச்சுத் தடவினார். எரிச்சலா இருக்குன்னு நினைச்சு அந்த விசில் கயித்தைக் கழட்டினேன். திருப்பி வாங்கிக்கலை. என் விரலை மடக்கி அதுக்குள்ள வச்சு அமுக்கினார். ஆஸ்பத்திரியில பொருள் தங்காதுல்ல, பத்திரத்துக்குக் குடுத்திருப்பார். இதோ, சட்டைப் பையிலதான் இருக்கு. இன்னைக்குத் திருப்பிக் குடுத்துரணும். அடுத்தவங்க சாமான் எனக்கெதுக்கு?

ஆரப்பாளையம் வரப் போகுது. அந்தப் பையைப் பார்த்து... நேரா, நேரா. ஆங்.

போன் அடிக்குதுங்கிறீங்களா? கேக்குது சார். இல்லை, இது ராஜாமணி இல்லை. இளவழகன். பேரு வருது பாருங்க. இந்த நேரத்துக்கு அவன் கூப்பிட மாட்டான். ஆபீஸ்ல இருப்பான்.

வேணாம் சார். எடுக்கச் சொல்லாதீங்க. எடுத்தா அவன் ஒண்ணு சொல்லுவான். சொல்லிட்டான்னா அந்த நிமிஷத்துல இருந்து தலைவர் நான். குறிக்கணும்ல, மணி என்னன்னு குறிக்கணும்ல, நான் டைம்கீப்பர்ல. எடுக்காத வரைக்கும் அவர்தான் சார் தலைவர். நான் பொறுப்புதான்.

நின்னுருச்சு. பார்த்தீங்களா, தானா நின்னுருச்சு. சும்மா கஞ்சி எங்க வருதுன்னு கேக்கத்தான் கூப்பிட்டிருப்பான்.

கொஞ்சம் வழி விடுங்க சார், எறங்கிக்கிறேன். வேகமா நடந்தாத்தான் சரியா இருக்கும். கஞ்சி ஆறிட்டா அவர் குடிக்க மாட்டார்.